மெருகிடாத மண்ணின் ஊழியம்



இவ்வாரத்துச் சிந்தனை ஒரு மீன்தொட்டியைப் பற்றியது. தொட்டியில் நீந்தும் மீன்களைக்காட்டிலும், ஒருவர் கண்ணிலும் படாமல் வடிகட்டிக்குள் கிடக்கும் சிறு துண்டுகளே நம் பொருள். மீன் வளர்ப்போர் அவற்றை ‘பயோ மீடியா’ என்பார்கள். கடல்நீர்த் தொட்டியின் வடிகட்டிக்குள் எதை நிரப்புவது என்னும் கேள்வி கடைவீதிக்கு உரியது, பிரசங்க பீடத்துக்கு உரியதல்ல என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு வீட்டில், ஒரு சிறுமியின் மனச்சமாதானம் அந்தக் கேள்வியின்மேல் தங்கியிருந்தது. ஆகவே சற்றுப் பொறுமையோடு வாசிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெண்ணாடத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரை ஒட்டி ஓடும் வெள்ளாறு, கிழக்கே போய், விருத்தாசலத்து மணிமுத்தாற்றைக் கூடலையாற்றூரில் சேர்த்துக்கொண்டு, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் கலக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கோமாளி மீன் முதலான கடல் அலங்கார மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் ஆய்வுகள் அங்கே நடந்திருக்கின்றன. எங்களுக்கு அருகே உள்ள விருத்தாசலமோ பீங்கான் ஊர். பொம்மை, அகல் விளக்கு, கோப்பை, மின்கம்பத்து இன்சுலேட்டர், ஃபியூஸ் கேரியர் என்று அங்கே சூளை ஏறாத பொருள் குறைவு. பீங்கான் தொழிலைக் கற்பிப்பதற்கென்றே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியும் அங்கே உண்டு. எங்கள் சபையில் பலருடைய அன்றாட அப்பம் அந்தச் சூளைகளிலிருந்தே வருகிறது.

அப்படி ஓர் இன்சுலேட்டர் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் ஒருநாள் ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்தார். அவருடைய மனைவி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒன்பது வயது மகள் இருக்கிறாள். அவளுடைய துக்கத்தைத் தணிக்க எண்ணி, கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களை வாங்கி வைத்திருக்கிறார். ஆறாம் நாள் அவை மிதந்தன. மறுபடியும் இரண்டு வாங்கினார். அவையும் ஒரு வாரம் தாண்டவில்லை. அன்று இரவு குழந்தை, “அப்பா, நான் ஆசைப்படுறது எல்லாம் செத்துப்போகுமா?” என்று கேட்டிருக்கிறாள்.

அதைச் சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்தது. பிறகு, “ஐயா, பாப்பா கார்ட்டூனில் பார்த்த அந்த ஆரஞ்சு நிற மீனைக் கேட்கிறாள். அது உப்புத் தண்ணீர் மீனாம். நீங்கள் பல வருஷமாய்க் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறீர்கள். இந்தத் தடவை சாகக்கூடாது ஐயா. என்ன போடவேண்டும், சொல்லுங்கள்” என்றார்.

காணப்படாத வேலையாட்கள்

மீன் தன் செவுள்களின் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய இரையும் கழிவும் அழுகும்போது அதே நஞ்சு பெருகுகிறது. கடலில் அது கரைந்து மறைந்துபோகும். கண்ணாடிச் சுவர்களுக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. மேலும் கடல்நீர் காரத்தன்மை கூடியது. ஆகையால் அதே அளவு அம்மோனியா நன்னீரில் செய்வதைவிட அதிகத் தீங்கை அங்கே செய்யும்.

இந்த நஞ்சை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும்; அது பெரிதும் தீங்கு குறைந்தது. ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த உயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக, இந்த முதல் வேலையைச் செய்பவை சிலவகை பாக்டீரியாக்கள் மட்டுமே என்று உலகம் நம்பியது. 2005-இல், ஆர்க்கியா என்னும் வேறொரு குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிரும் அதே வேலையைச் செய்வதை ஆய்வாளர் கண்டறிந்தனர். உலகப் பெருங்கடல்களில் மிகுதியாக வாழும் கூட்டத்தைச் சேர்ந்தது அது. அதை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? அமெரிக்காவின் சியாட்டில் நகரக் காட்சியகத்தில் இருந்த ஒரு வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியிலிருந்து! கடலெங்கும் நிறைந்திருந்த வேலையாளை மனிதர் முதன்முதலாக அடையாளம் கண்டது ஒரு மீன்தொட்டியில்தான்.

பிரியமானவர்களே, இந்த வேலையாட்கள் பெரும்பாலும் நீரில் மிதந்து திரிவதில்லை. ஏதாவது ஒரு பரப்பைப் பற்றிக்கொண்டு குடியிருக்கின்றன. பரப்பு எவ்வளவோ அவ்வளவுதான் குடி. வடிகட்டிக்குள் நாம் நிரப்பும் பொருள் அவற்றுக்கு நாம் கட்டிக்கொடுக்கும் வீடு. தங்கமீன்கள் இறந்த காரணம் இங்கேதான் இருக்கிறது: தண்ணீர் இருந்தது, இரை இருந்தது, அன்பும் இருந்தது, வேலையாட்களுக்கு வீடும், அவர்கள் குடியேறுவதற்கு நாட்களும் இல்லை.

எந்த வீடு நல்லது?

தம்பி ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். கடலடியிலிருந்து எடுத்த பவளக்கல் ஒரு மூட்டை தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். அந்தக் கல்லைப் போட்டால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம், மீனை உடனே விட்டுவிடலாம் என்பது அவருடைய வாக்கு.

அந்த வாக்கில் உண்மை இல்லாமல் இல்லை. உயிருள்ள கடற்பாறை மிகச் சிறந்த வடிகட்டி. அதன் துளைகளில் வேலையாட்கள் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள். 1961-இலேயே ஜகார்த்தாவின் லீ சின் எங் என்பவர், அத்தகைய பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே நம்பிக் கடலுயிர்களை வளர்க்கும் முறையை எழுதி உலகுக்கு அறிவித்தார். சீக்கிரம் ஆகவேண்டும், மீன் சாகக்கூடாது என்று துடிக்கும் ஒரு தகப்பனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவேண்டியது அவசியமாயிற்று. நம் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். பாறை அலையைத் தடுக்கும் மதில்; மதில் போனபின் அலை தீவைத் தின்றது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்துபோயின. 1986-இல் 21 தீவுகளைக் கொண்டு அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 2001 முதல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே அந்த மூட்டையை வாங்குவது சட்டப்படி குற்றம். அதற்கு மேலும் ஒன்று உண்டு: நம் வீட்டுக் குழந்தையின் இரண்டு மீன்கள் வாழ, ஆயிரம் மீன்களின் வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவருவது எந்த நியாயத்திலும் சேராது. தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அது வேண்டாம் ஐயா” என்றார். அவருடைய அவசரத்தை அறிந்த எனக்கு, அந்த மூன்று வார்த்தைகளின் கனம் தெரிந்தது.

மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிளாஸ்டிக் உருண்டைகள் அடைத்துக்கொள்ளாது. நீர் சொட்டுச்சொட்டாய் விழும் இடத்தில் நன்றாய் உழைக்கும். ஆனால் அவற்றின் பரப்பு வெளிப்புறத்தோடு முடிந்துவிடும். பஞ்சு மலிவு, நுண்ணுயிரும் குடியேறும். ஆனால் விரைவில் அழுக்கைப் பிடித்துக்கொள்வதால் அதை அடிக்கடி பிழியவேண்டும், பிழியும்போதெல்லாம் குடிகள் கலையும். நுண்துளைக் கண்ணாடிக் கட்டிகள் மிக நல்லவை; விலை அவர் கைக்கு எட்டவில்லை. எஞ்சியது மண்: உள்ளே துளையுள்ள, சுட்ட பீங்கான் வளையங்கள்.

தொழிற்சாலை தள்ளிய குணம்

இங்கே தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அவர் தொழிற்சாலையில் நாள்தோறும் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. களிமண்ணும் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்ந்த கலவை கடும் சூட்டில் வேகும்போது, ஃபெல்ட்ஸ்பார் உருகி மண்ணின் துளைகளையெல்லாம் அடைத்துவிடும். அதன் மேல் கண்ணாடிபோன்ற மெருகும் பூசப்பட்டிருக்கும். அப்படியும் நம்பாமல் சோதிப்பார்கள்: உடைத்த சில்லுகளைச் சிவப்புச் சாயத்தில் அமிழ்த்தி, மிகுந்த அழுத்தத்தில் மணிக்கணக்காக வைத்து, பிறகு மீண்டும் உடைத்துப் பார்ப்பார்கள். சாயம் உள்ளே ஊறியிருந்தால் அந்தப் பொருள் தேறாது. ஏனெனில் துளையிருந்தால் ஈரம் புகும்; ஈரம் புகுந்தால் மின்சாரம் கசியும்; கம்பத்தைத் தொட்ட மனிதன் சாவான்.

“நாங்கள் எதைத் தள்ளுகிறோமோ அதுதான் இதற்கு வேண்டுமா ஐயா?” என்று கேட்டார்.

ஆம், அதுதான் வேண்டும். ஆனால் தள்ளுபடியான இன்சுலேட்டர் சில்லு அதற்கு உதவாது. அதன் துளை மிகச் சொற்பம், மேலே மெருகும் உண்டு. வடிகட்டி வளையத்தைத் துளைக்காகவே செய்கிறார்கள். மண்ணோடு மரத்தூள் போன்ற எரிந்துபோகும் பொருளைக் கலந்து சுட்டால், தூள் சாம்பலாகி, அது இருந்த இடம் வெறுமையாய் நிற்கும். நம் பாட்டிமார் வைத்திருந்த மண்பானை வியர்த்து நீரைக் குளிரவைத்ததும், வீட்டுக் குடிநீர் வடிகட்டியின் வெள்ளைக் கேண்டில் நீரைத் தன் வழியே கடத்துவதும் இதே துளைகளால்தான்.

கடையில் வாங்கும்போது செய்யத்தக்க எளிய சோதனையை அவரே எனக்குச் சொன்னார். அது அவருடைய ஆய்வகப் பாடம். உலர்ந்த துண்டை நிறுத்துப் பாருங்கள். ஒருநாள் நீரில் ஊறவைத்து, மேல்நீரைத் துடைத்து, மறுபடியும் நிறுங்கள். எடை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வெற்றிடம் உள்ளே இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மாவாய் உதிரக்கூடாது. மெருகோ வண்ணமோ பூசியிருக்கக்கூடாது. துளைகள் நுண்ணுயிர் புகும் அளவுக்காவது அகன்றிருக்கவேண்டும். நுண்ணுயிரைவிடச் சிறிய துளை, பெட்டியின்மேல் அச்சிட்ட பரப்புக் கணக்கைக் கூட்டுமே தவிர, யாருக்கும் வீடாகாது. சென்னை கொளத்தூரில், அலங்கார மீன் கடைகள் நிறைந்த தெருவில், இந்தச் சோதனையை மனதில் கொண்டு சாதாரண வளையங்களையே அவர் வாங்கிவந்தார்.

வெறுந்தொட்டியின் ஆறு வாரங்கள்

நீரும் உப்பும் வளையங்களும் ஆயத்தமானபின் வந்ததே கடினமான பகுதி. மீன் இல்லாத தொட்டியில் ஒரு சிறு இறால் துண்டைப் போட்டுக் காத்திருக்கவேண்டும். அது அழுகி அம்மோனியா உயரும். பிறகு அது இறங்க, நைட்ரைட் உயரும். பிறகு அதுவும் இறங்கி, நைட்ரேட் தோன்றும். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டும் பூச்சியத்துக்கு வந்து நின்ற பிறகே மீன். ஒவ்வொரு மாலையும் சோதனைக் குழாயில் நீரெடுத்துச் சொட்டு மருந்திட்டு, நிறம் மாறுவதைப் பார்த்துக் குறித்துவைக்கும் பொறுப்பைக் குழந்தையிடமே ஒப்படைக்கும்படி சொன்னேன்.

மூன்றாம் வாரம் அவர்கள் வீட்டுக்கு நான் சென்றபோது, அவள் தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். அம்மோனியா இறங்கத் தொடங்கியிருந்தது. “தொட்டியில் ஒண்ணுமே இல்லையே ஐயா, அப்புறம் யார் இதைக் குறைக்கிறது?” என்று கேட்டாள். வளையத்துக்குள் குடிவந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். அவள் நெடுநேரம் தொட்டியைப் பார்த்திருந்துவிட்டு, “அப்போ கோல்டுஃபிஷ் செத்தப்போ இவங்க இல்லையா?” என்றாள். இல்லை, வருவதற்கு நாள் போதவில்லை என்றேன். “அப்போ நான் இல்லை” என்றாள். தகப்பன் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிரியமானவர்களே, அந்தக் குழந்தைக்கு நான் பல முறை ஜெபித்திருக்கிறேன், ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அவளுடைய மனதை அழுத்திய கல்லைப் புரட்டியது, காரணத்தை அவள் தன் கையாலேயே அளந்து கண்டதுதான். குற்றமில்லாத இடத்தில் குற்றத்தைச் சுமப்பவர்களுக்கு உண்மையைப் பொறுமையாய் எடுத்துக்காட்டுவதும் மேய்ப்பனின் வேலையே.

பராமரிப்பு பற்றிச் சில வார்த்தைகள். வளையங்களுக்கு முன்னே ஒரு முரட்டுப் பஞ்சை வைத்துக் குப்பையை அங்கேயே தடுத்துவிடுங்கள். துளை அடைபட்டால் வீடு இருந்தும் பயனில்லை. வளையங்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அதிலுள்ள குளோரின் குடிகளைக் கொல்லும். தொட்டியிலிருந்தே எடுத்த உப்புநீரில் மெதுவாய் அலசுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். நம் ஊர்களில் மின்சாரம் நின்றால், மூடிய வடிகட்டிக்குள் காற்றுத் தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியும். ஆகவே வளையங்களைத் திறந்த துணைத்தொட்டியில் வைத்து, பேட்டரியில் ஓடும் ஒரு காற்றுப் பம்பையும் வைத்துக்கொள்வது நலம்.

நமக்கான வார்த்தை

எரேமியா தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்கு அனுப்பப்பட்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். சக்கரத்தில் கெட்டுப்போன மண்ணைக் குயவன் வேறொரு பாத்திரமாய் வனைந்ததை அவர் கண்டார். சூளைகளின் நடுவே ஊழியம் செய்யும் நான் அந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். இந்தத் தொட்டிக்குப்பின் அதில் இன்னொன்றும் எனக்குத் தெரிகிறது: ஒரே மண் மெருகேறிக் கம்பத்தின்மேல் நின்று உயிரைக் காக்கிறது, துளையோடு நீருக்கடியில் கிடந்தும் உயிரைக் காக்கிறது. மெருகு பாவமல்ல. பிறர் நம்மை நம்பிச் சொன்ன இரகசியம் கசியாதபடி, ஒருவர்மேல் ஒருவர் சொல்லும் பழி ஊறாதபடி, இன்சுலேட்டரைப்போல் இறுகி நிற்கவேண்டிய நேரங்கள் நமக்கு உண்டு.

ஆனால் துக்கப்படுகிறவர் நம்மிடம் வரும்போது மெருகு உதவாது. அழகான ஆறுதல் வார்த்தைகள் நம்மிடம் ஆயத்தமாய் இருக்கின்றன. அவர்களுடைய துயரம் அந்த வார்த்தைகளின்மேல் விழுந்து, வழுக்கி, வந்தபடியே திரும்பிப்போகிறது. இந்தத் தம்பியின் எதிர்வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார். குழந்தை அவரை அத்தை என்று அழைக்கிறாள். தாய் இறந்த நாள் முதல் ஒவ்வொரு காலையும் அவர்தான் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிடுகிறார். சபையில் சாட்சி சொன்னதில்லை; எந்தப் பொறுப்பிலும் இருந்ததில்லை. அவரும் கணவனை இழந்தவர். தூள் எரிந்துபோன இடம் வெறுமையாய் நின்று வீடாவதைப்போல, அவருக்குள் எரிந்துபோன ஓரிடத்தில் இந்தக் குழந்தை குடியிருக்கிறாள்.

இழப்பு தன்னால் நன்மையாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சூளையில் வெடித்துப்போகும் மண்ணும் உண்டு. எரிந்த இடத்தை அவசரமாய் மூடி மெருகிட வேண்டாம் என்றே சொல்லுகிறேன்.

அந்த வீட்டில் இப்போது இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன. கடலில் பிடித்தவை அல்ல, குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்தவை. விருந்தினர் மீனைப் பார்க்கிறார்கள். அந்தக் குழந்தை மட்டும் அவர்களைப் பின்புறம் அழைத்துப்போய் வளையங்களைக் காட்டுகிறாள்.

இந்த வாரம் உங்கள் வீட்டிலும் சபையிலும் ஒருவரும் பாராத இடத்தில் நஞ்சை வாங்கி நன்மையாக்கிக்கொண்டிருப்பவர் யார் என்று எண்ணிப்பாருங்கள். அவரிடம் போய் ஒரு நன்றி சொல்லுங்கள். துக்கத்தோடு உங்கள் வாசலுக்கு வருகிறவருக்கு, பதில் சொல்ல விரைவதற்கு முன், உங்களுக்குள் தங்க ஓர் இடம் கொடுங்கள்.

தேவனுடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக. அடுத்த வாரம் சந்திப்போம்.